தோடு போடும் இடம்

மூளையில் ரத்தம் கசிந்து அவள் படுத்த பிறகு, டாக்டர் படம் வரைந்து காட்டினார். கசிவு நின்றுவிட்டது. ஆனால் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. மூளைக்கு ரத்தம் போதவில்லை. காதுக் குழியில் ஒரு நரம்பின் கிளை ஓடுகிறது. அதில் லேசாக மின்சாரம் விட்டால் குழாய்கள் விரியலாம்.

"விரியலாமா, விரியுமா?" என்றான் கணவன். எலக்ட்ரீஷியன்.

"அதைத்தான் சோதிக்கிறோம். பாதிப் பேருக்கு நிஜம், பாதிப் பேருக்கு சும்மா. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது."

கையெழுத்துப் போட்டான். நம்பவில்லை.

தினமும் நர்ஸ் வந்து அவள் காதில் கிளிப்பை மாட்டிவிட்டுப் போவாள். பெட்டியில் பச்சை விளக்கு எரியும். அவள் முகத்தில் ஓர் அசைவும் இராது.

"டம்மி, மாப்ள," என்றான் மனைவியின் தம்பியிடம்.

"உங்களுக்குக் காலிங் பெல் அடிச்சாக்கூட சந்தேகம், மச்சான்."

கிளிப்பைக் கழற்றி நாக்கில் வைத்தான். பழைய பேட்டரியை அப்படித்தான் பார்ப்பான். சுருக்கென்றது.

"என்ன, ருசியா இருக்கா?"

"கரண்ட் வருது."

"அப்ப வாய மூடுங்க."

இருந்த இடத்திலேயே மாட்டினான். அன்று நன்றாகத் தூங்கினான்.

மறுநாள்தான் பக்கத்துக் கட்டிலைக் கவனித்தான். அங்கே பெரியவருக்குக் கிளிப் காதுக் குழிக்குள் இருந்தது. இவளுக்கு, தோடு போடும் இடத்தில்.

கரண்ட் நிஜம். இடம் பொய்.

தம்பி டீ வாங்கப் போயிருந்தான். இவன் கிளிப்பைக் குழிக்கு நகர்த்தினான். தலைமாட்டுத் திரையில் நாடித்துடிப்பு இறங்கத் தொடங்கியது. நல்லதா கெட்டதா, தெரியவில்லை. எடுத்துவிடக் கை வைத்தான்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"காதுல என்ன நோண்டுறீங்க?"

படுத்த பிறகு அவள் பேசிய முதல் வாக்கியம். வீட்டில் அவன் ஃபியூஸைத் தொடும்போதெல்லாம் கேட்கும் அதே குரல்.

வாசலில் செருப்புச் சத்தம். கிளிப்பைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தான்.

நர்ஸ் கிளிப்பைப் பார்த்தாள். பிறகு, திறந்திருந்த கண்களை.

"ஏதாவது பேசினாங்களா?"

ஆமாம் என்றால், எப்படி என்பாள். நாளைக்கு அவனைக் கட்டில் பக்கம் விடமாட்டார்கள்.

"இல்ல."

"எதுக்குப் பொய் சொல்றீங்க?" என்றாள் மனைவி, தெளிவாக.