பசை வைத்த வீடு

சூரியநெல்லி எஸ்டேட்டின் மேல் டிவிஷனில், ஏழாம் நம்பர் வீட்டுப் பூமாரியால் மூன்று வருடமும் ஒரு மழைக்காலமும் வாசற்படியைத் தாண்ட முடியவில்லை. காலில் நோவு எதுவும் இல்லை. வீட்டுக்குள் நடந்தாள், தண்ணீர்க் குடம் தூக்கினாள், கட்டிலுக்கடியில் குனிந்து பெருக்கினாள். படியருகே வந்ததும் பாதம் நின்றுவிடும். கக்கூஸை வீட்டுக்குள் கட்டிக்கொடுத்தது அதற்கு முந்தின வருடம்தான். அது நல்லதாய்ப் போயிற்று என்று லயத்து வரிசை வீடுகளில் பேசிக்கொண்டார்கள். பாதம் நின்றதற்குக் காரணம், அவளுடைய புருஷன் ஈஸ்வரன் வைத்த பசை.

ஈஸ்வரன் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தான். பிளாஸ்டிக் கட்டைகள் சேர்க்க ஆரம்பித்தபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. ஒன்றின்மேல் ஒன்றைப் பொருத்திக் குழந்தைகள் வீடு கட்டுவார்களே, அந்தக் கட்டைகள். சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டை மூடியபோது பிள்ளைகள் அறையில் கிடந்ததை எல்லாம் பழைய சாமான் கடையில் போட்டிருந்தார்கள். அங்கே போல்ட் தேடிப் போனவன் அந்த மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். சோப்புத் தண்ணீரில் கழுவி, கொழுந்து கட்டும் படுதாவில் காயவைத்து, நிறம்வாரியாகப் பிரித்து டப்பாக்களில் போட்டான். மூட்டைக்குள் கிடந்த அட்டைப்பெட்டியின் படத்திலிருந்த கோட்டையைக் கட்டிப் பிரித்தான். ரயிலைக் கட்டிப் பிரித்தான். பிறகு படம் இல்லாத ஒன்றைக் கட்டத் தொடங்கினான். அது அவர்களுடைய லயம். வரிசையாகப் பத்து வீடு, தகரக் கூரை, கூரைமேல் கல், ஆறாம் வீட்டு மொக்கையனின் சுவரில் காட்டு யானை போட்ட ஓட்டை. வருடத்துக்கு ஒரு தடவை பிரித்து, இன்னும் சரியாகக் கட்டினான். ஓட்டையை ஒருமுறை அடைத்துக் கட்டியபோது மொக்கையன் வந்து பார்த்துவிட்டு, "மச்சான், இங்க அடைச்சிட்ட. அங்க எப்ப வந்து அடைக்கப் போற?" என்று கேட்டான்.

இந்தக் கட்டைகளைச் சேர்க்கும் பெரியவர்கள் கூட்டம் ஒன்று போனில் இருந்தது. பாலக்காட்டுக் கண் டாக்டர் ஆனந்தகுமார் அதற்குத் தலைவர் மாதிரி. அவர்களுக்கு ஒரே ஒரு தடை உண்டு. கட்டையில் பசை வைக்கக்கூடாது. பிரித்துத் திரும்பக் கட்ட முடியாதது கட்டை இல்லை என்பார் டாக்டர். ஈஸ்வரனும் அதை மதித்தான். மூணாறு மலர்க் கண்காட்சியில் லயத்தை வைக்க இடம் கிடைத்த வருடம், ஜீப் பாதி வழி போவதற்குள் பத்து வீடும் உதிர்ந்து சாக்கில் கிடந்தன. அடுத்த வருடமும் கூப்பிட்டார்கள். போகிறதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஈஸ்வரன் கதவைச் சாத்திக்கொண்டு, பிளாஸ்டிக்கை இளக்கி ஒன்றாக்கும் பசையை எடுத்தான்.

மற்ற ஒன்பது வீடுகளுக்கும் ஜீப்பை நினைத்துத்தான் பசை வைத்தான். தன் வீட்டுக்கு வைக்கும்போது வேறொன்றை நினைத்தான். மறு வருடம் அவனுக்கு சர்வீஸ் முடிகிறது. பிள்ளைகளில் ஒருவர் எஸ்டேட்டில் பெயர் கொடுத்து வேலைக்கு ஏறினால் வீடு குடும்பத்தில் தங்கும். இல்லையென்றால் கம்பெனிக்குத் திரும்பும். இருந்தது மகள் மோனிஷா ஒருத்தி. அவள் மாட்டுப்பட்டி மாட்டுப் பண்ணையில் வேலை செய்யும் ஜெகனைக் கட்டிக்கொண்டு, கொழுந்துக்கூடையைத் தொடமாட்டேன் என்று போய்விட்டாள். ஏழாம் வீட்டுக்கு இரண்டு மடங்கு பசை இறங்கியது. கதவுக்கு உள்ளே பூமாரியைப் போல ஒரு சின்ன பொம்மை நின்றது, முதுகில் கூடையோடு. சாயாமலிருக்க அதன் காலடியிலும் ஒரு சொட்டு விட்டான். தன்னை அவன் செய்யவில்லை. கட்டுகிறவன் எங்கே நிற்பான் என்பது அவனுக்குப் பிடிபடாமலே இருந்தது.

மறுநாள் காலை பூமாரி கூடையை மாட்டிக்கொண்டு படிவரை வந்தாள். கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, நேரமாகிறது என்று போனார்கள். ஈஸ்வரனுக்குப் புரிந்துவிட்டது. பொம்மையின் காலடியில் கத்தி முனையை வைத்து லேசாகச் சுரண்டினான். அடுப்பங்கரையில் பூமாரி காலைத் தூக்கிப் பார்த்தாள், குதிகாலில் ரத்தம். கூரையிலிருந்து தொடங்கி மாதிரி வீட்டை உடைத்து, அதோடு நிஜ வீட்டையும் இழந்தால்தான் தரையை அறுத்து அவளை எடுக்க முடியும். கண்காட்சி முடியட்டும் என்றான். அவளும் சரி என்றாள்.

கண்காட்சியில் லயத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. டாக்டர் ஆனந்தகுமார் நேரில் வந்து, குனிந்து, நகத்தால் ஒரு மூலையைத் தட்டிப் பார்த்தார். "ஒட்டிட்டீங்களா ஈஸ்வரன்," என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு அவர் போன் செய்யவில்லை.

பின்பு நோய்க்காலம் வந்து எல்லோரையும் வீட்டுக்குள் வைத்தது. அந்த நாட்களில் பூமாரிக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஈஸ்வரன் அதைச் சொல்லி ஆறுதலடைந்தான். சர்வீஸ் முடிந்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். இரண்டு பெண்கள் பூமாரியின் தோளைப் பிடித்து வெளியே நடத்தினார்கள். படியில் அவள் நின்றாள், அவர்கள் விழுந்தார்கள். மானேஜர் வந்து பார்த்தார், பாலில்லாத கட்டஞ்சாயா குடித்தார், ஆள் வெளியே வராமல் வீட்டைப் பூட்ட விதி இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஐப்பசியில் ஒரு கொம்பன் யானை இறங்கி மூன்று வீட்டுச் சுவரைத் தள்ளியது. ஏழாம் வீட்டில் நெற்றியை வைத்து நெடுநேரம் முட்டியது. சுண்ணாம்புகூட உதிரவில்லை. அதுமுதல் யானை இறங்குகிற நாளெல்லாம் லயமே ஏழாம் வீட்டில்தான் படுத்தது. இதைப் போய் உடைப்பாயா என்று ஈஸ்வரனை ஆளாளுக்குக் கேட்டார்கள். அவனுக்கும் அது நியாயமாகவே பட்டது. மழை முடியட்டும் என்றான். பனி முடியட்டும் என்றான். மாதிரி லயம் முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பூமாரி தினமும் பெட்டியைத் துடைத்தாள்.

மோனிஷா உண்டானாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரவேண்டியவள், படிக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பூமாரி உள்ளிருந்து நீட்டிய சோற்றைச் சாப்பிட்டாள். தானும் ஒட்டிக்கொள்வோமோ என்று உள்ளே வரப் பயந்தாள். மாட்டுப்பட்டி ஒரு ஜீப் சவாரி தூரம்தான். வலி எடுத்த அன்று ஜெகன் போன் செய்து, மாமா, அத்தையை எப்படியாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றான். ஈஸ்வரன் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, குறட்டைக் கையிலெடுத்து, கூரைத் தகட்டில் வைத்தான். வெட்டாமலே மூடியும் விட்டான். போனை மோனிஷா வாங்கினாள்.

"அம்மா வருதாப்பா?"

"இன்னும் கொஞ்ச நாள்தாம்மா. இப்ப ஒடைச்சா வீடு போயிரும்."

"சரிப்பா. வீட்டப் பாத்துக்கங்க."

பிள்ளை கொடி சுற்றிப் பிறந்தது, தங்கவில்லை. மாட்டுப்பட்டியிலேயே அடக்கம் செய்தார்கள். போய்விட்டுத் திரும்பிய ஈஸ்வரனுக்குப் பூமாரி சோறு போட்டாள். அவன் சாப்பிட்டு முடித்தான். பிறகு கேட்டாள்.

"பசை வைக்கையில என்ன நெனச்சீங்க? என்னையவா, வீட்டையா?"

அவன் கையலம்பாமல் உட்கார்ந்திருந்தான். "வீட்டத்தான்," என்றான்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாளிலிருந்து அவன் வெளியே போய்விட்டு வந்தால், "வாங்க, உக்காருங்க," என்றாள். விருந்தாளிக்குப் போல நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சர்க்கரை போடவா என்று கேட்டாள். முப்பது வருடமாகச் சர்க்கரை போட்டுக் கொடுத்தவள். கோபம் இல்லை, குத்தல் இல்லை. வந்தவர் ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று நினைப்பவளைப் போல, பொழுது சாயும்போது வாசலைப் பார்ப்பாள். சண்டையாக இருந்தால் ஈஸ்வரன் இன்னொரு வருடம் தள்ளியிருப்பான். இதை அவனால் தாங்க முடியவில்லை. தை பிறந்து இரண்டாவது வாரம், காலை வெயிலில், பெட்டியை வெளியே தூக்கிவந்து லயத்து முற்றத்தில் வைத்துக் குறட்டை எடுத்தான்.

மொக்கையனும் மற்றவர்களும் சட்டி பானைகளை வெளியே எடுத்து உதவினார்கள். மாதிரியின் கூரையைப் பெயர்த்தபோது நிஜ வீட்டின் தகரங்கள் சத்தமில்லாமல் எழும்பி இல்லாமல் போயின. சுவருக்குச் சுவர் அப்படியே போயிற்று. பசை வைத்த கட்டை முழுசாகக் கழலாது. ஒவ்வொன்றும் பல்லைப் போல உடைந்துதான் வந்தது, எதையும் இனி எதனோடும் பொருத்த முடியாது. கடைசியில் ஆறாம் வீட்டுக்கும் எட்டாம் வீட்டுக்கும் நடுவே ஒரு சிமெண்ட் தரை மட்டும் மிஞ்சியது, அதன்மேல் பூமாரி நின்றாள். ஈஸ்வரன் ரம்பத் தகட்டால் பொம்மையின் காலைச் சுற்றித் தரையை அறுத்தான். பாதத்துக்குக் கீழே கொஞ்சம் தரை விட்டு அறுத்தான், வலிக்கக்கூடாது என்று. பூமாரி நடந்து வெளியே வந்தாள். இரண்டு உள்ளங்காலிலும் விரற்கடைக் கனத்தில் சிமெண்ட் ஒட்டியிருந்தது. ஜெகன் ஜீப் கொண்டுவந்திருந்தான். அவள் முன்சீட்டில் ஏறினாள். ஈஸ்வரன் பின்னால் ஏறக் கம்பியைப் பிடித்தான்.

"நீங்க எங்க?" என்றாள்.

"உன்கூடத்தான்."

"ஞாயித்துக்கிழம வாங்க," என்றாள்.

ஈஸ்வரன் இப்போது சின்னக்கானலில் ஒரு ஹோம்ஸ்டேயில் காவல் இருக்கிறான். கட்டை வாங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டுப்பட்டி போகிறான். பூமாரி வீட்டில் இருப்பதில்லை. உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டாள். அணைக்கரையில் தொடங்கிப் பண்ணை வழியாகக் குண்டளை ரோடு வரை நடக்கிறாள், திரும்பி நடக்கிறாள். அவன் பின்னாலேயே நடக்கிறான். அவள் வேகம் குறைப்பதில்லை. படகு பார்க்க வந்தவர்கள் அந்தச் சிமெண்ட் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கிறார்கள். ஊர்க்காரர்கள் பார்ப்பதில்லை. மூணாறில் செருப்புத் தைப்பவர் அவளுக்கென்று அகலமாக ஒரு ஜோடி தைத்துக் கொடுத்திருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை அந்தச் செருப்பு தேய்ந்துபோகிறது.