துவக்கில் பிழையில்லை

துஷ்யா வேலை முடிந்து வந்தபோது சாப்பாட்டு மேசையில் மறுபடியும் துவக்குக் கழற்றிப் போடப்பட்டிருந்தது. எதிர் புளொக்கில் இருப்பவர்கள் கண்டு பொலிசைக் கூப்பிட்டுவிடக் கூடாதென்று அவள் கணவன் நிருஜன் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, விளக்கடியில் குனிந்திருந்தான்.

விளையாட்டுத் துவக்குத்தான். சொஃப்ட்கன் என்பார்கள். பார்வைக்குத் தூரத்திலிருந்து ஆளைக் குறிவைக்கிற இராணுவத் துவக்கு மாதிரி நீளமாக இருக்கும். உள்ளே இருப்பதோ ஒரு ஸ்பிரிங், அது தள்ளும் காற்று, மிளகிலும் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் குண்டு. ஞாயிறுகளில் நிருஜனும் அவனுடைய தமிழ்க் கூட்டாளி ஆன்ட்ரியாஸும் வேறு சில நண்பர்களும் லோறென்ஸ்கூக் ஊருக்குப் பக்கத்துக் காட்டில் இரண்டு கட்சியாகப் பிரிந்து விளையாடுவார்கள். "நிருஜன் துவக்கோடை படுத்தானெண்டால் ஒருத்தரும் தலை தூக்கேலாது" என்று ஆன்ட்ரியாஸ் எல்லாரிடமும் பெருமையடிப்பான்.

அது போன வருடக் கதை. இந்தக் கோடையிலிருந்து நிருஜனுக்குக் குறி தவறத் தொடங்கியது.

குழாயில்தான் பிழை என்றான். ஹொங்கொங்கிலிருந்து துளை ஒடுங்கிய பித்தளைக் குழாய் வந்தது. குண்டு உள்ளே அங்குமிங்கும் முட்டாமல் நேரே போகுமாம். பிறகு குண்டைப் பின்பக்கமாகச் சுழலவைக்கும் சின்ன ரப்பரை மாற்றினான். சுழன்றால்தான் கீழே விழாமல் தூரம் போகும். பிறகு காற்றுக்கு அசையாத பாரமான குண்டுகள். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை நாடாவைச் சுற்றிக் குழாயின் ஆட்டத்தையும் நிறுத்தினான். ஒவ்வொரு ஞாயிறும் நம்பிக்கையோடு போனான். ஒவ்வொரு ஞாயிறும் முகம் தொங்கத் திரும்பி வந்தான்.

இப்போது விசை. தொட்டவுடன் விடுபடுகிற மாதிரி இலகுவாக்கிக்கொண்டிருந்தான். அரிசியளவு ஸ்குரூ ஒன்றைத் துளையில் வைக்கப் பார்த்தான். அது விழுந்தது. எடுத்தான். மறுபடி விழுந்தது.

"இந்த ஸ்குரூட்ரைவர் சரியில்லை" என்றான்.

அவன் எலெக்ட்ரீஷியன். பத்து வருடமாக அதே ஸ்குரூட்ரைவர்தான். துஷ்யா வந்து ஸ்குரூவை எடுத்துத் துளையில் வைத்தாள். அவனுடைய வலது கைப் பெருவிரல் மேசை விளிம்பில் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். ஆடுகிற கைகளுக்குக் கரண்டி பிடித்துக் கொடுத்துப் பழகியவள். ஆனால் அந்தக் கைகளெல்லாம் எண்பது வயதுக் கைகள். நிருஜனுக்கு முப்பத்தொன்று.

"ஒருக்கா டொக்டரிட்டைப் போவமே?" என்றாள்.

"ஏன், துவக்குக்கு வருத்தமோ?"

அவன் சிரித்தான். அவளால் சிரிக்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளும் கூடப் போனாள். கைவிடப்பட்டுக் கிடந்த கல்லுடைக்கும் இடமொன்றில், தூரத்துப் பைன் மரக் கிளையில் கோப்பித் தகரமொன்றை ஆன்ட்ரியாஸ் கட்டித் தொங்கவிட்டான். நிருஜன் ஈரத்தரையில் பாய் விரித்துப் படுத்துத் துவக்கைத் தோளில் அணைத்தான்.

அவன் குறிபார்த்து முடிக்குமுன்னே துவக்கு வெடித்துவிட்டது. விசை அவ்வளவு இலகு. நடுங்குகிற விரல் பட்டதே போதுமாயிருந்தது. அடுத்தது தகரத்துக்கு இடப்பக்கம். அடுத்தது எங்கே போனதென்றே தெரியவில்லை.

"காத்து" என்றான் நிருஜன்.

காற்றில்லை. ஒரு இலைகூட அசையவில்லை.

"தாடா மச்சான், நான் ஒருக்காப் பாக்கிறன்" என்று ஆன்ட்ரியாஸ் பாயில் படுத்தான். அவன் ஒரு நாளும் ஒழுங்காகச் சுட்டவனில்லை.

டங் என்றது தகரம்.

பிள்ளையாரே, அடுத்தது தவறட்டும், ஒன்றாவது தவறட்டும் என்று துஷ்யா நேர்ந்துகொண்டாள். டங். மறுபடியும் டங். ஆன்ட்ரியாஸ் துள்ளி எழும்பினான்.

"டேய், என்ன சாமானடா இது! நூல் பிடிச்ச மாதிரிப் போகுது. என்னடா செய்தனி இதுக்கு?"

நிருஜன் அந்தத் தகரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஆன்ட்ரியாஸின் தோளில் தட்டி, "நல்லாச் சுடுறாய்" என்றான். ஆன்ட்ரியாஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சந்தோஷத்தில் தகரத்தைக் கழற்ற ஓடினான்.

காரடியில் திறப்பை அவளிடம் நீட்டினான் நிருஜன். "நீர் ஓட்டும்."

வீட்டடியில் அவள் காரை நிறுத்திய பிறகுதான் அவன் கேட்டான்.

"உமக்குத் தெரியும், என்ன?"

"ஓம்."

"எப்பயிருந்து?"

"மே மாசம். நீர் சேட்டுப் பொத்தான் பூட்டேக்கை கண்டனான்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொல்லிப்போட்டு நான் என்ன செய்யிறது, நிருஜன்?"

அவன் தலையாட்டினான். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் அவளுக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

அந்தக் கிழமையே டொக்டரிடம் போனார்கள். இளம் நோர்வேஜியப் பெண். கைகளை நீட்டச் சொன்னாள், நடக்கச் சொன்னாள், கடதாசியில் நத்தைக்கூடு மாதிரி ஒரு சுழியை வரையச் சொன்னாள். நிருஜனின் சுழி பல்லுப் பல்லாக வந்தது. பல காரணம் இருக்கலாம், நரம்பு வைத்தியர் பார்த்தால்தான் சொல்லலாம், அவரிடம் இடம் கிடைக்க மூன்று நாலு மாதம் செல்லும் என்றாள்.

"அதுவரைக்கும் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று துஷ்யா நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

"வழக்கம்போல இருங்கள்" என்றாள் டொக்டர் மெல்ல.

ஸ்டேஷனில் ரயில் பிந்தியது. தண்டவாளத்தைப் பார்த்தபடி நிருஜன் கேட்டான்.

"வேலையிலை சொல்ல வேணுமோ? ஏணியிலை ஏறி கரண்ட் வயர் பிடிக்கிற வேலை."

"தெரியேல்லை."

"அம்மாக்கு?"

"தெரியேல்லை, நிருஜன்."

முதியோர் இல்லத்தில் நோயாளிகளின் பிள்ளைகள் வந்து கேட்கும்போதெல்லாம் ஏதோவொரு பதில் அவளிடம் இருக்கும். பக்குவமாகச் சொல்லி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்புவாள். இன்று வாயில் அந்த ஒரு சொல்தான் வந்தது.

ரயிலில் அவன் யன்னலோரம் உட்கார்ந்து வலது கையைத் தொடைக்குக் கீழே செருகி வைத்துக்கொண்டான். எதிரே ஒரு கிழவி பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தாள். துஷ்யா அந்தக் கையை மெல்ல வெளியே இழுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்தாள். "விடும்" என்பான் என்று நினைத்தாள். அவன் கையை அவளிடமே விட்டுவிட்டான்.

கை உள்ளே ஆடியது. அவள் இறுக்கிப் பிடித்தாள். தன்னால் முடிந்த மட்டும் இறுக்கினாள். அது நிற்கவில்லை.