கடைசி அசையில் விழுந்த அழுத்தம்

பகல் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கைதட்டிவிட்டு வந்த நெலிதாவுக்கு உள்ளங்கை இன்னும் எரிந்தது. லீமாவில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் சொல்லை அசை பிரித்துக் காட்ட வேறு வழி கிடையாது. அசைக்கு ஒரு தட்டு. அழுத்தம் விழும் அசைக்கு மேசையில் ஒரு குத்து. வகுப்பே சேர்ந்து வினைச்சொற்களைக் குத்தினால் கூரைத் தகரம் அதிரும். வீட்டுக்கு வந்தும் விடுதலை இல்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் கணவன் வில்மரின் எதிரே உட்கார்ந்து, அவன் முழங்காலில் தட்டத் தொடங்கினாள்.

வில்மர் வேன் வாசலில் தொங்கியபடி ஊர்ப்பெயர் கூவி ஆள் ஏற்றியவன். மூளையில் ரத்தம் அடைத்ததிலிருந்து வலது கை வேலை செய்யவில்லை. பழைய கூவலும் கெட்ட வார்த்தையும் தங்குதடையில்லாமல் வந்தன. யோசித்துச் சொல்லவேண்டியது மட்டும் வரவில்லை. தாளம் போட்டுப் பழக்கினால் வரலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

அவனைத் தன் ஊரான வான்காயோவுக்கு அழைத்துப்போக வந்த தங்கை சொராய்தா அவன் துணிகளை மூட்டை கட்டிவிட்டாள். வாசலில் டாக்ஸி உறுமிக்கொண்டிருந்தது.

"நீங்க வேலைக்குப் போயிட்டா அண்ணன் சுவரத்தான் பாத்துட்டு உக்காந்திருக்கு அண்ணி. அங்க வீடு நெறைய ஆளுங்க."

"போறதா இருக்கிறதான்னு அவர் வாயால சொல்லட்டும்."

"நல்லா சொல்லுச்சு! காலைல என்னப் பாத்ததும் திட்டிதான வரவேத்துச்சு?"

வில்மர் இடது வாயோரத்தால் சிரித்தான்.

அவன் போய்விட்டால் ஒரு நாளாவது முழுசாகத் தூங்கலாம். அந்த நினைப்பு வந்ததுமே நெலிதா இன்னும் பலமாகத் தட்டினாள். மே, கே, தோ. இங்கேயே இருக்கிறேன் என்று அர்த்தம். நடு அசையில் குத்து.

வில்மர் தங்கையிடமிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்தது.

"மே... கே... தோஓ!"

"தப்பு. குத்து நடுவுலதான வரும்? திருப்பிச் சொல்லு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. வில்மரின் வாய் மெல்ல மூடிக்கொண்டது.

"அண்ணன் சொல்லிடுச்சு அண்ணி," என்றாள் சொராய்தா, குரல் இறங்கி. "நீங்க மார்க் போட்டுட்டீங்க."

"எனக்குக் கேட்டுச்சு வில்மர். கேட்டுச்சுப்பா."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். சொராய்தா கையில் வைத்திருந்த அவனுடைய ஷூவை எங்கே வைப்பதென்று தெரியாமல் நெலிதாவின் மடியில் வைத்தாள்.

இத்தனை நாளும் அவனைச் சொல்லவைக்கப் பார்த்தாளே தவிர, இரு என்று தான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என்பது நெலிதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சின்னச் சொல். ஷூவின் நாடாவை விரலில் சுற்றி, பிரித்து, மறுபடி சுற்றினாள்.

"இரு," என்றாள் கடைசியில். தட்டாமல், மெதுவாக.

அவன் திரும்பவில்லை. நாடா அவள் விரலில் சுற்றியபடியே இருந்தது. வெளியே டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து ஒரு கமலாப்பழத்தை அவசரமில்லாமல் உரிக்க ஆரம்பித்தான்.