பேசியவர்கள் பட்டியலில் ஜாய்சி

கோமு டீச்சரிடம் நல்ல பேர் வாங்க ஒருத்தராலும் முடியாது. பால்காரர் தண்ணி கலக்குதார், பக்கத்து வீட்டுக்காரி முருங்கைக்காயில் கை வைக்குதா, பியூன் அப்பாத்துரை சாயங்கால மணியை ரெண்டு நிமிஷம் முந்தியே அடிக்குதார் என்று நாள் முழுக்க மனசுக்குள் ஒரு விசாரணை ஓடிக்கொண்டே இருக்கும். பாளையங்கோட்டையில் அந்த ஆரம்பப் பள்ளியில் பதினாறு வருஷம் குப்பை கொட்டியவள். முழிக்கிற முழியை வைத்தே எந்தப் பிள்ளை பென்சில் எடுத்தது என்று சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கர்வமும் உண்டு.

தொண்ணூத்தி நாலில் அவளுடைய அஞ்சாம் வகுப்புக்கு சுப்ரியா லீடர். டீச்சர் ஆபீசுக்குப் போனால் லீடர் சாக்பீஸை எடுத்து, போர்டின் இடது ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று போட்டுக் கீழே பேர் எழுத வேண்டும். பேர் வந்தவர்கள் நாலு மணிக்கு மேலும் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுத வேண்டும். டீச்சருக்கு ஐந்தரைக்குத்தான் பஸ், அதுவரை அவளும் நோட்டுத் திருத்திக்கொண்டு அங்கனயே இருப்பாள். மற்ற பிள்ளைகள் மணி அடித்ததும் கேட்டைத் தாண்டிவிட வேண்டும். அது ஹெட்மிஸ்ட்ரஸ் போட்ட சட்டம்.

ஒன்பது நாளாகப் பட்டியலில் முதல் பேர் ஜாய்சி. இதுதான் டீச்சருக்கு உறுத்தியது. ஜாய்சி வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பிள்ளை. ஆஜர் சொல்வதே பக்கத்து பெஞ்சுக்குக் கேட்காது. அப்பா கப்பலில் வேலை, அம்மா பவுலின் கோர்ட்டுப் பக்கம் வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறாள். கேட்க நாதியில்லாத பிள்ளை என்று சுப்ரியா ஏறி மிதிக்கிறாளோ?

டீச்சர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். வியாழக்கிழமை இன்டர்வெல்லில் ஜன்னல் வழியாகப் பார்த்தே விட்டாள். ஜாய்சி அக்கம்பக்கம் பார்த்து, ஒரு காகிதப் பொட்டலத்தை சுப்ரியாவின் ஜாமெட்ரி பாக்சுக்குள் திணித்தாள். உடன்குடிக் கருப்பட்டி மிட்டாய்.

‘அடிப்பாவி, பத்து வயசிலயே மாமூலா?’ என்று டீச்சருக்கு வயிறு எரிந்தது. மிட்டாய் வாங்கிய பிறகும் அன்றைக்குப் போர்டில் ஜாய்சி பேர் இருந்தது. கொடுத்தது பத்தவில்லை போல என்று டீச்சர் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள்.

மறுநாள் காலையில் வகுப்புக்கு நடுவே விசாரணை நடந்தது.

“ஏட்டி சுப்ரியா, ஜாய்சிகிட்ட மிட்டாய் வாங்குனியா?”

“வாங்குனேன் டீச்சர்.”

“எதுக்கு?”

சுப்ரியா ஜாய்சியைப் பார்த்தாள். ஜாய்சி தலையைக் குனிந்துகொண்டாள். “சொல்ல மாட்டேன் டீச்சர்” என்றாள் சுப்ரியா.

டீச்சர் அவள் சட்டையிலிருந்த லீடர் பேட்ஜைக் கழற்றி, முன் பெஞ்சுப் பையன் தளவாய்க்குக் குத்திவிட்டாள். ஜாய்சி தேம்பித் தேம்பி அழுதாள். பிடித்த சனி விட்டது என்று அழுகிறாள், பாவம் என்று டீச்சர் நினைத்தாள். மத்தியானம் சாப்பாடுகூட ருசியாக இறங்கியது.

தளவாய் நியாயமான பையன். பேசின ரெண்டு பேரை எழுதினான். பேசாத ஜாய்சியை எழுதவில்லை. நாலு மணிக்கு மணி அடித்தது, பிள்ளைகள் ஓடினார்கள். சுப்ரியா மட்டும் வாசல்படியில் நின்றாள்.

“உனக்கென்னட்டி, வீட்டுக்குப் போவலையா?”

“டீச்சர், ஜாய்சி வெளிய போயிட்டா, அவள உள்ள கூப்பிடுங்க.” “பேர் எழுதாம இருக்கதுக்கு அவ மிட்டாய் தரல டீச்சர். எழுதச் சொல்லித்தான் தந்தா.”

டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“அவ அம்மா வர அஞ்சே கால் ஆவும். நான் பேர் எழுதுததுக்கு முந்தி, அதுவரைக்கும் பஸ் ஸ்டாப்புல தனியா நிப்பா. டிவிஎஸ் பிப்டி வண்டில ஒரு மாமா வருவாரு. அம்மா கூட்டிட்டு வரச் சொன்னாங்க, ஏறுன்னு தினமும் கூப்பிடுவாராம். அம்மாட்ட சொன்னா வேலைய விட்டுருவாங்கன்னு ஜாய்சி என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா.”

கோமு டீச்சர் சட்டென்று எழுந்தாள். செருப்பைக் கூட மாட்டவில்லை. கையில் சிவப்புப் பேனாவோடு ஓடினாள். அப்பாத்துரை கேட்டைப் பாதி மூடியிருந்தார், அதில் இடித்துக்கொண்டே வெளியே பாய்ந்தாள்.

பஸ் ஸ்டாப்பில் வண்டி நின்றது. ஜாய்சியின் புத்தகப் பை ஏற்கெனவே ஹேண்டில்பாரில் தொங்கியது. சலவைச் சட்டை போட்ட ஆள், மரியாதையான முகம், பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துப் பைய இழுத்துக்கொண்டிருந்தான்.

“யாருவே நீரு?”

“இல்லம்மா, பிள்ள தனியா நிக்குதேன்னு...”

டீச்சர் பையைப் பிடுங்கினாள். பிள்ளையைத் தன் பக்கம் இழுத்தாள். அவன் வண்டியைக் கிளப்பிப் போய்விட்டான். வண்டி நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

ஊரில் ஒருத்தரை விடாமல் சந்தேகப்பட்டவள், நாலு மணிக்கு மேல் இந்த ஸ்டாப்பை ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டது ஒரு பத்து வயசுப் பிள்ளை. அதன் பேட்ஜைத்தான் காலையில் பிடுங்கியிருக்கிறாள். நினைக்க நினைக்க டீச்சருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

வகுப்புக்குத் திரும்பினபோது சுப்ரியா அதே படியில் நின்றிருந்தாள். டீச்சரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தளவாயைக் காணோம், அவனும் பேட்ஜும் வீட்டுக்குப் போயாச்சு. “திங்கக்கிழமை உனக்குத்தான் குத்துவேன்” என்று மட்டும் சொன்னாள். சுப்ரியா தலையை ஆட்டிவிட்டு, ஜாய்சியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள்.

ஜாய்சி போர்டைப் பார்த்துத் தயங்கி நின்றாள்.

“டீச்சர், எம்பேரு இல்லையே. நான் இன்னைக்குப் பேசவே இல்ல. உள்ள இருக்கலாமா?”

வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்த ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கோமு டீச்சர் சாக்பீஸை எடுத்து, தன் கையாலேயே ஜாய்சி என்று எழுதினாள். பிறகு நாற்காலியை இழுத்து அவள் பெஞ்சுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

“எழுதியாச்சு. இப்பப் பேசு தாயி. முதல் நாள்லேர்ந்து எல்லாத்தையும் பேசு.”