சனிக்கிழமைக் கருடன்

"எங்கம்மாவோட பதினோரு கோழிக்குஞ்சுக்குப் பணம் வேணும், பெரியப்பா."

பொன்னுதுரைப் பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரிடம் எதையும் கேட்கவே கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். நான் பல்கலைக்கழகம் போனபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் அவர். அந்த ஒரு கையெழுத்துக்கு எங்கள் வீடு நான்கு வருஷமாகக் கும்பிடு போடுகிறது.

"குஞ்சைத் தூக்கினது நானா? கருடன். அதுகிட்டப் போய்க் கேளு."

"அதைக் கூப்பிடுறது யாரு?"

போன வருஷம் துக்காங் எமாஸ் தெருக் கோயில் விழாவில் செம்பருந்து ஒன்று வட்டமிட, வழக்கம்போல் எல்லாரும் அண்ணாந்து கன்னத்தில் போட்டுக்கொண்டோம். தொலைநோக்கியோடு நின்ற ஒரு வெள்ளைக்காரம்மா பறவையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பெரியப்பா கையில் ஐந்து வெள்ளியை வைத்தார். நாட்டுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், கிடைத்த அன்றுகூடப் பெரியப்பா முகம் அப்படி மலர்ந்ததில்லை.

இப்போது எங்கள் ஊர் காஜா பெராங்கில் சனிக்கிழமைதோறும் கருட தரிசனம். தலைக்கு இரண்டு வெள்ளி. துரைமார் உட்கார வாடகை நாற்காலி, குடிக்கச் சந்திரமதியக்காவின் தேநீர். பத்து மணிக்கு எங்கள் வேலிக்குப் பின்னால் ஒரு வாளி மீன்குடல் கொட்டப்படும். பத்தேகாலுக்குக் கருடன்கள் இறங்கும். நாங்கள் வரிசையாக நின்று கும்பிட வேண்டும். சங்கரன் மாமா கண்ணீரும் விடுவார். அதற்குத் தனியாக ஐம்பது காசு. பருந்தை யாரும் விரட்டக் கூடாது என்பது பெரியப்பாவின் கமிட்டித் தீர்மானம். குடல் தீர்ந்ததும் அவை அம்மாவின் குஞ்சுகள் பக்கம் திரும்பும். முட்டை விற்ற காசில்தான் நான் படித்தேன். தங்கை கோகிலாவின் பள்ளிக் கட்டணமும் அந்தக் கூண்டிலிருந்துதான் வர வேண்டும். மிச்சமிருப்பது ஐந்து குஞ்சு.

"ஊருக்கு வருமானம் வருது. சந்திரமதி தையல் மெஷின் வாங்கிட்டா. நீ எகனாமிக்ஸ் படிச்சவ, உனக்குத் தெரியாதா?"

"தெரியும். வரவு கமிட்டிக்கு, செலவு எங்கம்மாவுக்கு."

"வாய் நீளம்டி உனக்கு. குஞ்சை விடு, வேலை தர்றேன். வெள்ளைக்காரங்களுக்கு இங்கிலீஷ்ல விளக்கம் சொல்லு. மாசம் நாப்பது வெள்ளி."

"என்ன விளக்கம்?"

"நம்ம கும்பிடுறதாலதான் கருடன் வருதுன்னு."

"வாளி?"

"வாளியை யாரு கேட்டா?"

வாசலில் கார் வந்து நின்றது. அதே வெள்ளைக்காரம்மா, கையில் குறிப்பேடு. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் ஒரு பருந்துகூட இல்லையே, ஏன் என்று எட்டு வாரமாகக் கேட்கிறார். பெரியப்பாவும் எட்டு வாரமாக "யெஸ் மேடம்" என்றே பதில் சொல்கிறார்.

"குஞ்சுக்குப் பணம் குடுங்க. கூண்டுக்குக் கம்பிவலை போடுங்க. வாளியை ஆத்தங்கரைக்குக் கொண்டுபோங்க. நான் வாயே திறக்க மாட்டேன்."

"ஆத்தங்கரைக்கு எந்தத் துரை நடந்து வருவான்? உனக்குக் கையெழுத்துப் போட்டது யாருன்னு நெனச்சுப் பாரு."

நினைத்துப் பார்த்தேன்.

"நீங்கதான். அந்தக் கடனுக்குப் பதினோரு குஞ்சு போதும்."

"எங்கடி போற?"

"விளக்கம் சொல்ல."

அவர் முகம் தெளிந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு காரை நோக்கி நடந்தேன். மீன்குடலுக்கு ஆங்கிலத்தில் என்னவென்று படியிறங்குவதற்குள் நினைவுக்கு வந்துவிட்டது.