பென்சிலால் எழுதிய எண்

கௌசல்யாவுக்கு ஃபர்ஹீனைப் பிடிக்காது என்று வகுப்பில் எல்லோரும் சொல்வார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? இந்த மூன்று வருஷத்தில் கௌசல்யா புத்தகத்தைப் பார்த்ததைவிட ஃபர்ஹீனைப் பார்த்ததுதான் அதிகம். அவள் என்ன உடுத்தினாள், யாரோடு சிரித்தாள், எதில் எத்தனை மார்க் வாங்கினாள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

இரண்டு பேரும் மருத்துவ ஆய்வகப் படிப்பில் கடைசி வருஷம். பொறாமை தொடங்கியது, ஒருவர் கையில் ஒருவர் ஊசி போட்டு ரத்தம் எடுத்துப் பழகிய நாட்களில். கௌசல்யா நரம்பைத் தேடித் தேடித் தோழிகளை அழவைத்துக்கொண்டிருந்தாள். ஃபர்ஹீன் ஏதோ கல்யாண வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டே எடுத்து முடித்துவிட்டு, "அம்புட்டுதான், கையை மடக்கு" என்றாள். கௌசல்யாவுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் அப்புறம் அணையவே இல்லை.

ஃபர்ஹீன் உள்ளூர்க்காரி. நாகல் நகரிலிருந்து அவளுடைய அப்பா, அவள் வாயில் அத்தா, ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார். மதியம் அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால் வகுப்பே சுற்றி உட்காரும். நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்து ஹாஸ்டல் சாம்பாரில் நாக்கு செத்துப்போன கௌசல்யாவும் உட்காருவாள். அள்ளி அள்ளித் தின்பாள். அதையும் பொறாமையோடுதான் தின்றாள்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். செய்முறை வகுப்பு எடுக்கும் ரோசலின் மேடம் சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை. கண்ணாடி ஸ்லைடில் ஒரு சொட்டு ரத்தம் வைத்து, இன்னொரு ஸ்லைடால் ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். அந்த ஸ்மியர் நாக்கு வடிவத்தில், போகப் போக மெலிந்து படிய வேண்டும். கௌசல்யா இழுத்தால் அந்த மெலிந்த வால் கிழிந்துவிடும். மேடம் அதைப் பார்த்துத் திட்டக்கூட மாட்டார். "போய் ஃபர்ஹீன் போட்டிருக்கிற ஸ்மியரைப் பாரு" என்பார். அதற்குத் திட்டியே தொலைத்திருக்கலாம்.

கடைசிச் செய்முறைத் தேர்வில் யாருக்குக் கை நன்றாக வருகிறதோ, அவளைத்தான் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி ஆய்வகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். ஒரே ஒரு இடம். "அப்பா, மதுரைக்கு நான்தானுங்க போறேன்" என்று கௌசல்யா போனில் சொல்லி வைத்திருந்தாள். அவர் அதை டீக்கடைவரைக்கும் சொல்லிவிட்டார்.

தேர்வன்று ஃபர்ஹீன் முகம் வெளிறி வந்தாள். நாலைந்து நாளாகக் காய்ச்சல், நேற்றுத்தான் விட்டது என்றாள். மேடத்தின் இரக்கத்தைச் சம்பாதிக்கப் பார்க்கிறாள் என்று கௌசல்யா நினைத்தாள். ஃபர்ஹீனின் முழங்கைக்குக் கீழே சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. கௌசல்யாவின் கண்ணில் பட்டன. மருதாணி ஒத்துக்கொள்ளவில்லை போல, நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவரவர் விரலில் அவரவரே குத்திக்கொண்டு ஸ்மியர் போட வேண்டும். ஸ்லைடின் நுனியில் பென்சிலால் தேர்வு எண்ணை எழுத வேண்டும். ஃபர்ஹீனுடையது வழக்கம்போல அழகாக விழுந்தது. கௌசல்யாவுடையது வழக்கம்போலக் கிழிந்தது. ஃபர்ஹீனின் விரலில் மட்டும் ரத்தம் நிற்கவில்லை. பஞ்சு மாற்றி மாற்றி அழுத்தினாள். "செத்த நேரம் பாத்துக்கடி, கழுவிட்டு வாரேன்" என்று குழாய்ப் பக்கம் போனாள்.

இரண்டு ஸ்லைடும் பக்கத்துப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தன. கௌசல்யா ரப்பரை எடுத்தாள். இரண்டு எண்களையும் அழித்தாள், மாற்றி எழுதினாள். ஊசி பிடித்தால் நடுங்குகிற அந்தக் கை, அப்போது கொஞ்சமும் நடுங்கவில்லை.

திரும்பி வந்த ஃபர்ஹீன் தன் எண்ணுக்கு நேரே இருந்த கிழிசலைப் பார்த்துச் சற்றுத் திகைத்தாள். "காய்ச்சல்ல கண்ணும் கையும் தடுமாறுது போல. நல்லா வந்துச்சுன்னுல்ல நெனச்சேன்" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சாயம் ஊற்றி, கழுவி, மைக்ரோஸ்கோப்பில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். பார்த்து முடித்ததும் அவள் முகம் தெளிந்ததை கௌசல்யா கவனித்தாள். கிழிந்த ஸ்மியரைப் பார்த்து இவளுக்கு என்ன சந்தோஷம் என்று அதற்கும் ஒரு எரிச்சல்.

ரோசலின் மேடம் கடைசியாக கௌசல்யாவின் ஸ்லைடை எடுத்தார். "நீயா போட்ட? பரவாயில்லையே" என்றார். மூன்று வருஷம் காத்திருந்த சொல். அப்புறம் லென்ஸில் கண் வைத்தார். ஸ்லைடை நகர்த்தினார், மறுபடியும் நகர்த்தினார். தேடியது வால் பக்கம் ஒன்றாகத் திரண்டு கிடக்கிறதா என்று அங்கேயும் பார்த்தார்.

"பிளேட்லெட்டையே காணோமேம்மா. உனக்குக் காய்ச்சல் இருந்துச்சா? ஈறுல ரத்தம் வருதா?"

ரத்தத்தை உறையவைக்கும் அணுக்கள் அவை. டெங்குவில் குறையும், காய்ச்சல் விட்ட பிறகுதான் இன்னும் குறையும் என்று மேடமே பாடம் எடுத்திருக்கிறார். கௌசல்யா பயந்துபோய் நாக்கால் தன் ஈறைத் தடவிப் பார்த்தாள். மேடம் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத, நான் கூட வரேன்" என்றார். அந்தக் கை இதமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருக்கட்டும் என்று இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. இந்த அக்கறையும் ஃபர்ஹீனுக்குச் சேர வேண்டியது.

மேடம் ஆட்டோவுக்குப் போன் செய்ய நகர்ந்ததும் கௌசல்யா வெளியே ஓடினாள். வராந்தாவில் ஃபர்ஹீன் பையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏய், எதுக்கும் ஆஸ்பத்திரில பிளேட்லெட் கவுண்ட் ஒண்ணு பாத்துரு" என்றாள் கௌசல்யா. இவ்வளவோடு தப்பித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

ஃபர்ஹீன் சிரித்தாள். "அம்மாவும் அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. பரீட்சைல என் ஸ்மியரையே பாத்துக்கிறேன்னு நான்தான் போகல. உள்ளுக்குள்ள பயம்தான். ஆனா பாத்தேன்டி, பிளேட்லெட் நெறைய இருக்கு. அத்தாக்குப் போன் பண்ணி டெஸ்ட் வேணாம்னுட்டேன். ராமநாதபுரத்துல பெரியம்மா பொண்ணு கல்யாணம், இப்பவே கெளம்புறோம்."

"மெஷின்ல பாத்தா நல்லதுல்ல?"

"என் ரத்தத்த என் கண்ணால பாத்தேன். அதுக்கு மேல என்ன?"

வாசலில் அத்தாவின் ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. மதுரை, டீக்கடை, அப்பாவின் முகம் எல்லாம் ஒரு சேர வந்து நின்றன. ஃபர்ஹீன் படியில் காலை வைத்தாள்.

"நீ பாத்தது என் ரத்தம்" என்றாள் கௌசல்யா. "நம்பர மாத்தி எழுதிட்டேன். உன் ஸ்லைடுல பிளேட்லெட் இல்ல."

ஃபர்ஹீன் தன் விரலைப் பார்த்தாள். பஞ்சு இன்னும் நனைந்துகொண்டிருந்தது.

"ரப்பர வச்சா அழிச்ச?" என்று கேட்டாள்.

கௌசல்யா தலையசைத்தாள். பின்னால் கதவருகே ரோசலின் மேடம் நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார். அவர் கௌசல்யாவைக் கடந்துபோய் ஃபர்ஹீனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ஃபர்ஹீனை உட்காரவைத்தார்கள். அத்தா ஸ்கூட்டர் சாவியைக் கையில் பிடித்தபடி நின்றார். யாரும் வா என்று சொல்லாமலே கௌசல்யா அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். போ என்றும் யாரும் சொல்லவில்லை. அந்த ஒல்லிக் கையில், தோலுக்கடியில் ரத்தம் கசிந்த சிவப்புப் புள்ளிகளை இப்போது பார்த்தாள். ஃபர்ஹீனைப் பெற்ற தாய்கூட இந்த மூன்று வருஷம் அவளை இப்படி உற்றுப் பார்த்திருக்க மாட்டாள். பார்த்து என்ன புண்ணியம்?

ரத்தம் எடுத்த பெண் டியூபைத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அக்கா, செத்த நில்லுங்க" என்றாள் ஃபர்ஹீன். அந்தப் பெண்ணிடம்தான் பேசினாள். பார்த்தது கௌசல்யாவை.

"டியூப்ல என் பேர என் கண்ணு முன்னாடியே எழுதிருங்க. பேனாவால எழுதுங்க."