திருப்பிப் படி

“ஒன்பதாவது கேள்வி. போன வாரம் உங்களுக்கு வலி இருந்ததா?” என்று வாசித்துவிட்டு அவள் பேனாவைத் திறந்தாள்.

கட்டிலில் சாய்ந்திருந்த கணவர் கண்ணைத் திறக்காமல் நான்கு விரலைக் காட்டினார். ஒன்று என்றால் இல்லவே இல்லை, நாலு என்றால் ரொம்ப அதிகம். அவள் இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டாள்.

“நாலு போட்டியா?”

“போட்டாச்சு.”

“திருப்பிப் படி.”

“வலி, நாலு,” என்று படித்தாள், தாளில் இருந்த இரண்டைப் பார்த்துக்கொண்டே. இந்த ஏழு மாதத்தில் குரல் பிசிறாமல் பொய் சொல்லப் பழகியிருந்தாள்.

முப்பத்தோரு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர் அவர். போகிற கட்டிடத்தில் எல்லாம் ஒரு பராமரிப்பு அட்டை உண்டு. கயிறு, பிரேக், கதவு என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் போட வேண்டும். லிப்ட்டுக்கு அடியிலுள்ள குழிக்குள் இறங்கி இவர் சொல்லச் சொல்ல, கூட வந்தவர் மேலே நின்று எழுதுவார். ஏறி வந்ததும் இவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை ‘திருப்பிப் படி.’ பார்க்காமல் டிக் போட்டவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷன்தான் புற்றுநோய்க்கான புது மருந்து ஆராய்ச்சியில் சேர்ந்தார். மூன்று வாரத்துக்கு ஒரு தரம் முப்பது கேள்வி உள்ள படிவம் வரும். தூக்கம் வருகிறதா, சாப்பிட முடிகிறதா, மனசு சரியாக இருக்கிறதா. மருந்தால் விரல் நுனி மரத்துப்போய் அவர் கையில் பேனா நிற்கவில்லை, எழுத்தும் மங்கலாகத் தெரிந்தது. அதனால் அவள் எழுதினாள்.

முதல் படிவத்தை ஒழுங்காகத்தான் எழுதினாள். அதைக் கொடுக்கப் போன அன்று, பக்கத்து நாற்காலியில் இருந்த தையல்காரரை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ரத்தத்தில் என்னவோ குறைந்துவிட்டதாம். அவர் மனைவி படிக்கட்டில் உட்கார்ந்து அழுததை இவள் பார்த்தாள். இது பரீட்சை, மார்க் குறைந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். யாரையும் கேட்கவில்லை. கேட்டாலே சந்தேகம் வந்துவிடாதா? அன்றிலிருந்து நாலு இரண்டானது, மூன்று ஒன்றானது.

டாக்டர் “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் இவர் படிவத்தைக் கை காட்டி, “எல்லாம் அதுல இருக்கு சார்” என்பார். எழுதிக் கொடுத்ததை மறுபடி வாயால் சொல்லிப் புலம்புவது அவருக்குப் பிடிக்காது.

“பத்தாவது. மாடிப்படி ஏறச் சிரமமா இருக்கா?”

“லிப்ட் எதுக்கு இருக்குன்னு எழுது.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் உதட்டோரம் சிரித்தார். மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம் என்று படிவத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். அன்று மதியம் ஒன்றரை மணிக்கு, பார்க்க வந்திருந்த அவருடைய தங்கை ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் திரும்பியபோது, அவர் மூச்சு நின்றிருந்தது.

எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் காலை ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ் வந்தாள். மிஞ்சிய மாத்திரைகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போக வேண்டும். டப்பாவை மேசையில் கவிழ்த்து எண்ணிப் பையில் போட்டுவிட்டுத் தயங்கினாள்.

“கடைசிப் படிவம் இருந்தா கொடுங்கக்கா. முடிக்கலைன்னாலும் பரவாயில்லை.”

அவள் படிவத்தை எடுத்து வந்தாள். ஆனால் நீட்டவில்லை.

“சிஸ்டர், இதுல இருக்கிறது பொய். இதுக்கு முன்னாடி கொடுத்ததும் பொய். முதல் ஒண்ணுதான் நிஜம். அவர் நாலுன்னு சொல்வார், நான் ரெண்டுன்னு போடுவேன். வெளியே அனுப்பிடுவீங்களோன்னு பயந்துட்டேன்.”

அடுக்களையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த நாத்தனார் குழாயை மூடினாள்.

“இதை வெச்சு யாரையும் அனுப்ப மாட்டோம்க்கா,” என்றாள் நர்ஸ் மெதுவாக. “மருந்து சாப்பிடுறவங்க நிஜமா எப்படி இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் இது.”

“வலி நாலுன்னு இருந்தா என்ன பண்ணுவீங்க?”

நர்ஸ் பையின் ஜிப்பை இழுத்தாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

“சொல்லுங்க சிஸ்டர்.”

“அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுவேன். வலி மருந்தை மாத்துவாங்க.”

“குறைஞ்சிருக்குமா?”

“குறைஞ்சிருக்கலாம்க்கா.” நர்ஸின் கண் கலங்கியது. “என் மேலயும் தப்பு இருக்கு. ரெண்டுன்னு பார்த்ததும் தாளை வாங்கி வெச்சுட்டேன். அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்.”

டிக் போட்ட தன் கையையே அவளுக்கு வெட்டிப் போடலாம் போலிருந்தது. ஏழு மாதம் அந்த மனுஷன் நாலு நாலு என்று காட்டிக்கொண்டே இருந்தாரே!

நாத்தனார் ஈரக்கையோடு அடுக்களை வாசலில் நின்றாள். திட்டப்போகிறாள் என்றுதான் இவள் நினைத்தாள். வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தாள்.

“அண்ணி, என்ன காரியம் பண்ணிட்டீங்க,” என்றாள் நாத்தனார். பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்தாள்.

“பழசை எல்லாம் திருத்தணும் சிஸ்டர்.”

“கொடுத்ததைத் திருத்த முடியாது. நீங்க இப்ப சொல்றதைத் தனித்தாள்ல எழுதி, தேதி போட்டுக் கூட வைக்கலாம். ஆனா இத்தனை மாசத்துல ஒவ்வொரு தடவையும் என்ன சொன்னார்னு நினைவிருக்குமா?”

“எல்லாம் நினைவிருக்கு.”

நர்ஸ் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கோடு போட்டாள். இரண்டாவது படிவத்தில் தொடங்கி அவள் ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தாள். தூக்கம் மூணு. களைப்பு நாலு. எந்தத் தடவை யோசித்துச் சொன்னார், எந்தத் தடவை பட்டென்று சொன்னார் என்பதுகூட நினைவில் இருந்தது. தாள் நிறைந்து பின்பக்கம் போனது. நாத்தனார் வைத்த டீ ஆறிப்போனது.

“கடைசிப் படிவம். ஒன்பதாவது கேள்வி, வலி?”

அவள் கையைத் தூக்கி நான்கு விரலைக் காட்டினாள்.

நர்ஸ் எழுதினாள்.

“திருப்பிப் படிங்க.”

“வலி, நாலு.”

அவள் எட்டித் தாளைப் பார்த்தாள். நாலுதான் எழுதியிருந்தது.